தொலைபேசியில் வந்த ஆராதனை: 2020இல் இங்கிலாந்து திருச்சபை – ஒரு நிகழ்வு ஆய்வு

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்து சரியாக இரண்டு வாரம் ஆகியிருந்த ஞாயிற்றுக்கிழமையன்று, இங்கிலாந்து திருச்சபை ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தது. அந்த எண்ணை அழைப்பவருக்குக் கட்டணம் கிடையாது. அழைத்தால் முதலில், அப்போது கேன்டர்பரி தலைமைப் பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பியின் வாழ்த்து கேட்டது. அதன்பின் பாமாலைப் பாடல் வேண்டுமா, ஜெபம் வேண்டுமா, வேத தியானம் வேண்டுமா, கொரோனா குறித்த அறிவுரை வேண்டுமா என்று ஒரு குரல் கேட்டது. அதற்குரிய எண்ணை அழுத்தினால் போதுமாயிருந்தது. 'டெய்லி ஹோப்', அதாவது 'அன்றாட நம்பிக்கை', என்பது அந்தச் சேவையின் பெயர். தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் 6,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. 50,000 நிமிடங்களுக்கு மேல் மக்கள் காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு கேட்டிருந்தார்கள்.

நேரலை, செயலி, ஜூம் கூட்டம் என்று உலகத் திருச்சபைகள் எல்லாம் திரைக்கு மாறிக்கொண்டிருந்த அந்த வசந்த காலத்தில், டிஜிட்டல் முயற்சிகளில் பல ஆண்டுகள் முன்னேறியிருந்த ஒரு திருச்சபை ஏன் பழைய தொலைபேசியிடம் திரும்பிப் போனது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. தொழில்நுட்பத்தைத் திருச்சபை ஊழியத்துக்குப் பயன்படுத்துவது பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் எந்தக் கேமரா வாங்கலாம், எந்த மிக்ஸர் நல்லது என்ற அளவில் நின்றுவிடுகிறது. இந்த நிகழ்வைக் கூர்ந்து பார்த்தால், கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்விகள் சில இருந்தன என்பது தெரிகிறது.

முன்னேற்பாடு

இங்கிலாந்து திருச்சபை 42 திருமண்டலங்களையும் (பேராயர் ஒருவரின் கீழ் வரும் வட்டாரங்கள்) ஏறத்தாழ 16,000 ஆலயக் கட்டடங்களையும் கொண்டது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கிராமப்புறங்களில் இருக்கின்றன. பெருந்தொற்றுக்கு முன்பே இந்த அமைப்பு டிஜிட்டல் வழியில் பல அடிகளை எடுத்து வைத்திருந்தது. ஒவ்வொரு சேகரமும், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரமும், தன் ஆராதனை நேரங்களைத் தானே பதிந்துகொள்ளும் வகையில் 'எ சர்ச் நியர் யூ' என்ற தேடுதளம் இருந்தது. அன்றாட ஜெப ஒழுங்கைக் கைபேசியில் தரும் செயலிகள் இருந்தன. 2018இல், சில்லறைப் பணம் வைத்திருப்பவர் குறைந்துவிட்ட நாட்டில் காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் அட்டையைத் தொட்டுச் செலுத்தும் கருவியை வைத்துக்கொள்ள எல்லா ஆலயங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அமேசானின் அலெக்ஸாவிடம் கேட்டால் ஜெபத்தை வாசித்துக் காட்டும் வசதியும் வந்தது. பிப்ரவரியில் அரசுடன் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகி, கிராமத்து ஆலயக் கோபுரங்களில் அகன்ற அலைவரிசைக் கருவிகளைப் பொருத்தி, இணையம் எட்டாத ஊர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் முயற்சிக்கு ஊக்கம் தரப்பட்டது. நாரிச் திருமண்டலம் 2011 முதலே இதைச் செய்துகொண்டிருந்தது. மணியோசைக்காகக் கட்டிய கோபுரம் அலைவரிசைக்கும் உதவியது என்பது எனக்குப் பிடித்த தகவல். ஊரிலேயே உயரமான இடம் எது என்று கேட்டால் இரண்டு காலத்துக்கும் ஒரே பதில்தான்.

ஆகவே 2020 மார்ச் 17ஆம் தேதி கேன்டர்பரி, யார்க் தலைமைப் பேராயர்கள் இருவரும் பொது ஆராதனைகளை நிறுத்திவைக்குமாறு எழுதியபோது, திருச்சபை வெறுங்கையோடு நிற்கவில்லை. ஐந்தே நாளில், மார்ச் 22ஆம் தேதி அன்னையர் ஞாயிறன்று, கேன்டர்பரி தலைமைப் பேராயரின் லண்டன் இல்லமான லாம்பெத் மாளிகையின் நிலவறைச் சிற்றாலயத்திலிருந்து வெல்பி நடத்திய ஆராதனை பி.பி.சி.யின் உள்ளூர் வானொலிகள் வழியாகவும் முகநூல் வழியாகவும் ஒலித்தது. அன்று மாலை ஏழு மணிக்கு வீட்டுச் சன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றிவைக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி உயிர்த்தெழுதல் பண்டிகை ஆராதனையை அவர் தம் வீட்டுச் சமையலறையிலிருந்து நடத்தினார். திருச்சபையின் பிந்திய புள்ளிவிவரத்தின்படி, மார்ச் முதல் ஜூலை வரையிலான அந்த ஊரடங்கில் 9,000க்கும் மேற்பட்ட ஆலயங்கள் இணையம், மின்னஞ்சல், அஞ்சல், தொலைபேசி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் மூலம் வீட்டு ஆராதனைக்கு வழிசெய்திருந்தன. இலையுதிர் காலத்துக்குள் 17,000 இணைய ஆராதனைகளும் நிகழ்ச்சிகளும் தேடுதளத்தில் பதிவாகியிருந்தன. பல நூற்றாண்டுப் பழக்கங்களோடு இயங்கும் ஓர் அமைப்புக்கு இது வியப்பூட்டும் வேகம்.

யார் விடுபட்டார்கள்

அந்த வேகத்தின் மறுபக்கத்தை இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். 2019ஆம் ஆண்டின் கணக்கில் இங்கிலாந்து திருச்சபையின் ஆராதனைச் சமூகத்தில் மூன்றில் ஒரு பங்கினர் 70 வயது கடந்தவர்கள். அதே ஆண்டு பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் வெளியிட்ட கணக்கில், 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் அண்மையில் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 47 விழுக்காடு மட்டுமே. ஆலயத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த, காணிக்கை கொடுத்துக்கொண்டிருந்த, பூ வைத்துக்கொண்டிருந்த, பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்த தலைமுறைதான் திரைக்கு வெளியே நின்றது. கொரோனா எவரைத் தாக்கினால் உயிருக்கு ஆபத்து அதிகமோ, எவர் மற்றவர்களைவிட நீண்ட நாள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியிருந்ததோ, அவர்களும் இதே முதியவர்கள்தான்.

பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்று அப்போது பலர் எண்ணினார்கள். வீடுகளுக்கு இடையே போக்குவரத்தே தடைசெய்யப்பட்டிருந்த மாதங்களில் சொல்லிக்கொடுப்பதற்குப் பேரன் வீட்டுக்கு வர முடியாது என்பதை அந்த எண்ணம் கணக்கில் கொள்ளவில்லை. ஜூம் செயலியை எப்படி நிறுவுவது என்பதை ஜூம் வழியாகவே விளக்க முடியாது.

இந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர்கள் தலைமையகத்துத் தொழில்நுட்ப வல்லுநர்கள் மட்டும் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. சர்ரே மாவட்டத்தில் கிளேகேட் என்னும் ஊரின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் முதியோருக்காக ஏற்கெனவே 'கனெக்ஷன்ஸ்' என்ற ஒரு கூடுகை நடந்துவந்தது. அந்தக் கூடுகையும், முதுமைக் கால விசுவாச வாழ்வுக்காக உழைக்கும் 'ஃபெயித் இன் லேட்டர் லைஃப்' என்ற அமைப்பும் திருச்சபையோடு கைகோத்து அமைத்ததுதான் இந்தத் தொலைபேசிச் சேவை. முதியவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு, அந்த வீடுகளில் என்ன கருவி இருக்கிறது என்பது தெரியும். கூடத்தின் ஓரத்தில், சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு தொலைபேசி இருக்கிறது.

தொலைபேசி ஏன் பொருந்தியது

இந்தச் சேவையின் வடிவமைப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். தொலைபேசிக்குக் கடவுச்சொல் இல்லை, புதுப்பிப்பு இல்லை, கேமராவில் முகம் சரியாகத் தெரிகிறதா என்ற கூச்சம் இல்லை. அழைக்கத் தெரிந்தவருக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. 0800 என்று தொடங்கும் எண்கள் 2015 ஜூலை முதல் பிரிட்டனில் கைபேசியிலிருந்து அழைத்தாலும் இலவசம். ஓய்வூதியத்தில் வாழ்பவர் நிமிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அஞ்சாமல் முழுப் பாடலையும் கேட்கலாம். அந்தச் செலவைச் சேவையை நடத்தியவர்கள் ஏற்றார்கள். காணொளியில் பார்வையாளர் கூடக்கூடப் பெருமைதான் கூடும். கட்டணமில்லா எண்ணிலோ கேட்பவர் கூடக்கூட நடத்துபவரின் செலவும் கூடும். எனவே இப்படி ஒரு சேவையைத் தொடங்க முடிவெடுப்பது நிதிக் குழுவில் நீண்ட விவாதத்துக்கு உரிய காரியம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒலியின் தரம் பற்றிய ஐயம் எவருக்கும் எழும். தொலைபேசிக் கம்பி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்துகிறது. ஆர்கனின் அடித்தள ஸ்வரங்களில் பலவும், மேல்ஸ்தாயியின் மினுமினுப்பும் அதில் வராது. இசைப் பதிவாளர் ஒருவர் கேட்டால் முகம் சுளிப்பார். ஆனால் அறுபது ஆண்டுகளாகப் பாடிய பாமாலையைக் கேட்கும் ஒருவருக்குக் காதில் விழாத பாதியை நினைவு நிரப்பிவிடுகிறது. கிராமத்து ஒலிபெருக்கியில் கரகரத்து வந்த கீர்த்தனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மாறாக, தரம் உயர்ந்த கருவிகள் என்று கருதப்பட்டவை வேறு விதத்தில் சபைப் பாடலைக் கெடுத்தன. ஜூமில் ஒருவர் குரல் மற்றவரை அடைய ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தாமதம் ஆகலாம்; சேர்ந்து பாடுபவர்கள் தாங்கக்கூடிய தாமதமோ அதில் மிகச் சிறிய பகுதி. எல்லாரும் சேர்ந்து பாடினால் ஆளுக்கொரு அடி பின்தங்கி, பாட்டு குழம்பிவிடும். அதனால் ஒருவர் பாட, மற்றவர்களின் ஒலிவாங்கிகள் அணைக்கப்பட்டன. தன் வீட்டில் தன் குரலை மட்டும் கேட்டுப் பாடுவதே சபைப் பாடல் ஆயிற்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மென்பொருள் மனிதப் பேச்சைத் தெளிவாக்குவதற்காகப் பின்னணி இரைச்சலை நீக்கும் வகையில் செய்யப்பட்டது. நீண்டு ஒலிக்கும் ஆர்கன் ஸ்வரத்தை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழுத்திவிடும். அமைப்புகளுக்குள் போய் 'அசல் ஒலி' என்பதை இயக்கினால்தான் ஆர்கன் கேட்கும். அலுவலகக் கூட்டத்துக்காகச் செய்த கருவியை ஆராதனைக்குள் கொண்டுவரும்போது, அதைச் செய்தவர்களின் முன்கணிப்புகளும் கூடவே வந்துவிடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நேரலைக்கு வேறொரு தடையும் இருந்தது. கிராமப்புற இணைப்புகளில் பதிவிறக்கும் வேகம் ஓரளவு இருந்தாலும் பதிவேற்றும் வேகம் மிகக் குறைவு. நடுத்தரத் தெளிவுள்ள ஒரு நேரலைக்கே விநாடிக்கு 2 முதல் 4 மெகாபிட் வரை ஏற்றும் வேகம் வேண்டும். செப்புக் கம்பி இணைப்பில் இது பல ஊர்களில் கிடைக்காது. ஆகவே சனிக்கிழமையே பதிவுசெய்து, இரவெல்லாம் மெதுவாக ஏற்றி, ஞாயிறு காலை வெளியிடுவது நடைமுறைக்கு ஏற்ற வழியாயிற்று. இப்படிப் பதிவுசெய்ததை ஆராதனை என்று சொல்லலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. ஆனால் அதைவிடக் கடினமான கேள்விகள் வேறு இரண்டு காத்திருந்தன.

கட்டடமும் அப்பமும்

மார்ச் 23ஆம் தேதி பிரதமர் ஊரடங்கை அறிவித்தார். மறுநாள் தலைமைப் பேராயர்கள் ஆலயங்களை முற்றிலும் மூடச் சொன்னார்கள். ஆயர்கள்கூட, அதாவது ஆலயப் பொறுப்பில் உள்ள குருமார்கூட, உள்ளே சென்று தனியாக ஜெபிக்கவோ ஒளிபரப்பவோ கூடாது என்றார்கள். இதில் விந்தை என்னவென்றால், மார்ச் 26ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அரசின் விதிகள் ஆராதனையை இணையத்திலோ வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஒளிபரப்புவதற்காக ஆலயத்தைத் திறப்பதை வெளிப்படையாகவே அனுமதித்தன. சட்டம் கொடுத்த இடத்தைத் திருச்சபையே மூடியது. மக்கள் வீட்டுக்குள் இருக்கும்போது ஆயர்களும் வீட்டுக்குள்ளிருந்தே நடத்துவதுதான் ஒன்றிப்பின் அடையாளம் என்பது ஒரு வாதம். ஆளற்ற ஆலயத்திலாவது விளக்கு எரிகிறது, ஜெபம் நடக்கிறது என்ற காட்சிதான் அடைபட்ட மக்களுக்கு ஆறுதல் என்பது எதிர்வாதம். மே 5ஆம் தேதி பேராயர் மன்றம் தடையைத் தளர்த்தி, ஆயர்கள் உள்ளே சென்று ஒளிபரப்பலாம் என்றது. ஆயர்களைத் தடுத்தது தவறு என்று வெல்பி பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார்.

என் கருத்தில் இந்தச் சச்சரவு தொழில்நுட்பம் பற்றியது அன்று. சமையலறை மேசையிலிருந்தும் ஆலய பீடத்திலிருந்தும் ஒரே தெளிவில் காணொளி அனுப்ப முடியும் என்ற நிலை வந்த பிறகுதான், இடம் எதற்கு என்ற கேள்வியைத் திருச்சபை தன்னிடம் கேட்க நேர்ந்தது. அந்த வசதி இல்லாதிருந்தால் கேள்வியே எழுந்திராது.

அப்பத்தையும் திராட்சரசத்தையும் சபையாக உட்கொள்ளும் திருவிருந்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. திரைக்கு அப்பால் ஆயர் ஜெபிக்க, இப்பால் விசுவாசி தன் மேசையில் வைத்திருக்கும் அப்பமும் திராட்சரசமும் பரிசுத்தப்படுமா? வேறு சில திருச்சபைகள் இதற்கு இடம்கொடுத்தன. அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபை 2020 மார்ச்சிலேயே நெருக்கடி காலத்துக்கு என்று இணையவழித் திருவிருந்தை ஏற்றது. இங்கிலாந்து திருச்சபையின் பேராயர்கள் ஏற்கவில்லை. அவர்கள் திரும்பிப் பார்த்தது 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப்புத்தகத்தை. நோயாளிக்குத் திருவிருந்து கொடுக்கும் ஒழுங்கில் ஒரு குறிப்பு உண்டு: கடும் நோயாலோ வேறு தடையாலோ ஒருவர் அப்பத்தை வாயால் உட்கொள்ள இயலாவிட்டாலும், மனந்திரும்பி, கிறிஸ்து தமக்காக மரித்ததை விசுவாசித்து நன்றி செலுத்துவாரானால், அவர் ஆத்தும நன்மைக்கேற்ப உண்டு பருகியவரே ஆவார். கொள்ளைநோய்கள் வழக்கமாயிருந்த நூற்றாண்டில் எழுதிய அந்தக் குறிப்பு, கேமராவின் காலத்துக்குச் 'ஆவிக்குரிய திருவிருந்து' என்ற பெயரில் வழிகாட்டியது. ஆனால் அதே புத்தகம், உடன் பங்குபெற மூன்று பேராவது இல்லாமல் திருவிருந்து நடத்தக் கூடாது என்றும் சொல்கிறது. தம் வீட்டில் தனியாக நின்று தாமே உட்கொண்டு, சபையாரைப் பார்த்திருக்கச் செய்யும் ஆயரின் நிலை பலருக்கு உறுத்தியது. சிலர் அதனால் திருவிருந்தையே நிறுத்திவைத்து, காலை ஜெப ஆராதனைக்குத் திரும்பினார்கள்.

இந்த இடத்திலும் தொலைபேசிச் சேவை ஒரு சிக்கலைத் தவிர்த்தது. பாடல், ஜெபம், வேதவாசிப்பு, தியானம் ஆகிய நான்கும் காதுக்கு உரியவை. பார்ப்பதற்கோ உண்பதற்கோ ஒன்றும் இல்லாததால், காதால் தர முடிந்ததை மட்டுமே அது தந்தது.

பழைய வாக்குவாதம்

இவை எல்லாம் புதிய கேள்விகள் என்று எண்ணினால் தவறு. 1895 முதல் முப்பது ஆண்டுகளுக்கு லண்டனில் 'எலக்ட்ரோஃபோன்' என்ற நிறுவனம் நாடகக் கொட்டகைகளிலிருந்தும் ஆலயங்களிலிருந்தும் ஒலியைத் தொலைபேசிக் கம்பி வழியே சந்தாதாரர் வீடுகளுக்கு அனுப்பியது. நோயாளிகள் கட்டிலில் இருந்தபடியே பிரசங்கம் கேட்டார்கள். 1923 ஏப்ரல் 26ஆம் தேதி, பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகனின் திருமணத்தை வானொலியில் ஒலிபரப்ப அப்போது பிறந்து சில மாதங்களே ஆகியிருந்த பி.பி.சி. அனுமதி கேட்டபோது, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். மதுக்கடையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு மனிதர்கள் ஆராதனையைக் கேட்பார்களே என்பது அதற்குச் சொல்லப்பட்ட கவலை. ஒன்பதே மாதத்தில், 1924 ஜனவரி 6ஆம் தேதி, செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் ஆலயத்தின் ஆயர் டிக் ஷெப்பர்ட் தம் ஆலய ஆராதனையை வானொலிக்குத் திறந்துவிட்டார். 1928 முதல் பி.பி.சி.யில் அன்றாட ஆராதனை ஒலிக்கிறது. தற்செயலாக, மறுப்புக்கு ஆளான அந்தத் திருமண நாளின் 97ஆம் ஆண்டு நிறைவன்றுதான் தொலைபேசிச் சேவை தொடங்கியது. இரவு உடையில் காப்பிக் கோப்பையோடு ஆராதனையைப் பார்க்கலாமா என்று 2020இல் கேட்டவர்கள், தொப்பி பற்றிக் கவலைப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்.

எதை எண்ணுவது

ஊரடங்கின் முதல் மாதங்களில் ஆயர்கள் பலர், வழக்கமாக எழுபது பேர் வரும் ஆராதனைக்கு நானூறு பார்வைகள் என்று மகிழ்ந்தார்கள். முகநூலில் மூன்று விநாடி ஓடினாலே அது ஒரு காணொளிப் பார்வையாகக் கணக்கில் சேரும் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? விரலால் திரையைத் தள்ளிக்கொண்டு போகிறவர் ஒரு கணம் தயங்கினாலும் அவர் 'வந்தவர்' ஆகிவிடுவார். இதன் அருகே தொலைபேசிச் சேவையின் முதல் இரு நாள் கணக்கை வைத்துப் பாருங்கள்: 50,000 நிமிடங்களை 6,000 அழைப்புகளுக்குப் பகிர்ந்தால் ஓர் அழைப்புக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் வருகிறது. இரண்டு பாமாலையும் ஒரு ஜெபமும் முழுதாகக் கேட்கும் நேரம் அது. ஒரே ஆள் பலமுறை அழைத்திருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் எட்டு நிமிடத்துக்குக் காதருகே கருவியைப் பிடித்துக்கொண்டிருப்பது தற்செயலாக நடக்காது.

பெருந்தொற்றுக்குப் பிந்திய கணக்கும் இணையப் பார்வைகளை எச்சரிக்கையோடு நோக்கச் சொல்கிறது. இங்கிலாந்து திருச்சபையின் சராசரி வார வருகை 2019இல் 8.54 லட்சமாக இருந்தது, 2022இல் 6.54 லட்சம். இந்த எண்ணில் திரை வழியே கலந்துகொள்பவர்கள் சேரவில்லை. இரண்டு லட்சம் பேரில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், எத்தனை பேர் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள் என்பதை இந்த எண் பிரித்துக் காட்டாது. அதே வேளையில், நடக்க இயலாதவர்களும் நாட்பட்ட நோயுள்ளவர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காத வழி, நலமானவர்களுக்கும் தேவைப்பட்ட ஒரே மாதத்தில் திறந்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஆலயங்கள் மீண்டும் திறந்ததும் நேரலையை நிறுத்திய சபைகளுக்கு அவர்கள் முகம் மறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

தென்னிந்தியாவிலிருந்து பார்க்கும்போது

1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு வேர் இங்கிலாந்து திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் மரபில் இருக்கிறது; எனவே திருவிருந்து பற்றிய அந்த விவாதம் நம் சேகரங்களுக்கும் அந்நியமானது அன்று. 2020 மார்ச் 25 முதல் இங்கும் ஆலயங்கள் அடைபட்டன. தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டிடங்களும் திறக்கச் செப்டம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, உயிர்த்தெழுதல் பண்டிகை மூன்றும் கைபேசியில் கழிந்தன. அப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. பெரிய சேகரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுக் குழுக்களைத் தொடங்கின.

தொலைபேசி வழி ஊழியம் தமிழருக்குப் புதிதல்ல. 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் ஜெப கோபுரம் 1980களிலிருந்தே தொலைபேசியில் ஜெப விண்ணப்பங்களைப் பெற்றுவருகிறது. அங்கே அழைப்பவரோடு ஒரு மனிதர் பேசி ஜெபிக்கிறார். இங்கிலாந்தின் சேவையிலோ பதிவுசெய்த குரல்தான். முன்னதற்குத் தன்னார்வலர்கள் முறைவைத்து அமர வேண்டும். பின்னது நள்ளிரவிலும் ஆளின்றி இயங்கும். தூக்கம் வராத மூன்று மணிக்குப் பதிவுசெய்த சங்கீதம் போதுமா, எதிர்முனையில் ஓர் உயிர் வேண்டுமா என்பதை அழைப்பவரே அறிவார். ஒரு சேகரம் இரண்டையும் சிறிய அளவில் இணைக்க முடியும்: பதிவுசெய்த ஞாயிறு பிரசங்கமும் இரண்டு கீர்த்தனையும் ஓர் எண்ணில், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாரம் ஒருமுறை வீட்டோடிருக்கும் முதியவர்களை அழைத்துப் பேசுவது மறுபக்கம்.

காணிக்கையில் மட்டும் இங்குள்ள நிலை வேறு. க்யூ.ஆர். அட்டையை ஆலய வாசலில் ஒட்டுவது இங்கிலாந்தைவிட இங்கே எளிது. கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் நேரலை பார்க்கும் வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் துபாயிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுப்பது, அவர் நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடைதான். 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பின் அத்தகைய பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள உரிய கணக்குக்கே வர வேண்டும். வாசலில் ஒட்டிய அட்டை இந்த வேறுபாட்டை அறியாது. கணக்கர் அறிந்திருக்க வேண்டும்.

கிளேகேட்டின் அனுபவத்தை இங்கே பொருத்திப் பார்க்கும்போது, தரைவழித் தொலைபேசி நம் வீடுகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது என்பதை மறக்கக் கூடாது. பிரிட்டனிலும் செப்புக் கம்பித் தொலைபேசி 2027 ஜனவரிக்குள் நிறுத்தப்பட இருக்கிறது. மின்சாரம் போனாலும் இயங்கிய பழைய கருவிக்குப் பதிலாக வருவது இணைய வழி இணைப்பு. அங்கே கூடத்து ஓரத்தில் இருந்த தொலைபேசிக்கு இங்கே நிகரானது, பெரிய பொத்தான்கள் கொண்ட சாதாரணக் கைபேசி. அது யாரிடம் இருக்கிறது என்பதைச் சபைக் குடும்பப் பதிவேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றால் தடுமாறுவோம். குடும்பத்துக்கு ஓர் எண் என்றுதான் பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அது பெங்களூரில் வேலைபார்க்கும் மகனின் எண்ணாக இருக்கும். ஊரில் தனியே இருக்கும் தாயாரின் எண்ணைப் பெற, சபை ஊழியர் அந்த வீட்டுக்கு ஒருமுறை நடந்து போக வேண்டும்.